கன்னியம்மாளின் கேழ்வரகு

கண்ணு, உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. முன்னறையில் உன் அம்மா பத்திரிகைகளின் ஓரத்தில் மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறாள். நீ அடி அண்ணாமலைக்கு, உன் சத்துமாவு யூனிட்டுக்குப் போயிருக்கிறாய். நான் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருக்கிற மகளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். நேரில் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் என் குரல் இறங்கிவிடும், நான்காவதில் ‘சரி, அப்புறம் பார்க்கலாம்’ என்று முடித்துவிடுவேன். உனக்குத் தெரியாததா. எழுதினால் அடித்துத் திருத்தலாம். நீ படிப்பது மூன்றாவது பிரதி.

போன ஐப்பசியில் நான் போட்ட ஒரு கையெழுத்து உன் யூனிட்டை மூடப் பார்த்தது. கார்த்திகையில் அதே கை அதைத் திருத்தியது. இதில் பாதி உனக்குத் தெரியும், கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் கடைசி வரிசையில் நீ உட்கார்ந்திருந்தாய். மற்றப் பாதி எனக்கும் ஆய்வக உதவியாளர் ஏழுமலைக்கும் மட்டும் தெரியும். அந்தப் பாதியில் நான் அவ்வளவு நல்லவனாக இல்லை. ஆனாலும் இதை வருத்தத்தோடு எழுதவில்லை. எழுபத்தோரு வயதில் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்து முடித்தவனின் சந்தோஷத்தோடு எழுதுகிறேன். நீ படித்த பிறகு யூனிட்டில் உள்ள எட்டுப் பேருக்கும் உரக்கப் படித்துக் காட்டு. ஏழுமலையிடம் அனுமதி கேட்டேன். “எழுதுங்க சார், என் பேரு எங்கயாவது வரட்டும்” என்றார்.

உனக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒரு சனிக்கிழமை உன்னை என் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன், நினைவிருக்கிறதா? ஒரு சின்ன பீங்கான் கிண்ணத்தில் கேழ்வரகு மாவை வைத்து உலைக்குள் விட்டேன். மாவு கறுத்து, பிறகு சாம்பல் நிறமாகி, கடைசியில் வெள்ளையாக ஒரு சிட்டிகை மிஞ்சியது. “விபூதி மாதிரி இருக்குதுப்பா” என்றாய். எரிக்க முடிந்ததெல்லாம் எரிந்துவிட்டது, மிஞ்சியதுதான் மண்ணிலிருந்து செடி எடுத்துக்கொண்டது, சுண்ணாம்பு, இரும்பு, துத்தநாகம் எல்லாம் இதில் இருக்கிறது என்றேன். நீ கொஞ்ச நேரம் கிண்ணத்தையே பார்த்துவிட்டு, “மண்ணுல கெட்டது இருந்தா அதையும் எடுத்துக்குமா?” என்று கேட்டாய். ஆமாம் என்றேன். என் வேலை முழுவதும் அந்த ஒரு கேள்விதான். தானியத்திலும் பருப்பிலும் உடம்புக்கு வேண்டிய உலோகம் எவ்வளவு, வேண்டாத உலோகம் எவ்வளவு என்று முப்பத்து நான்கு வருஷம் அளந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் நம்மூர்க் கல்லூரி ஆய்வகத்தில் வாரம் மூன்று நாள் அதையேதான் செய்தேன்.

அந்த முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு பொய் எழுதியிருக்கிறேன். உன் அம்மாவுக்குக்கூட இதை நான் சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு முன்னால், வேறு ஊரில் வேலை. ஒரு துவரம்பருப்பு மாதிரியில் காட்மியம் என்ற உலோகம் தெரிந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது அது. இரண்டு முறை திரும்ப அளந்தேன், இரண்டு முறையும் அதே எண். மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். “இவ்ளோ கம்மியா இருக்கறத எழுதி இன்னாய்யா ஆவப்போவுது? மூட்டை நாளைக்குக் கெளம்பணும்” என்றார். நான் என் இடத்துக்கு வந்து, ‘காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பருப்பு எந்த ஊருக்குப் போனது, யார் வீட்டுச் சாம்பாரில் வெந்தது என்று எனக்குத் தெரியாது. அன்று முதல் ஒரு வைராக்கியம். இன்னொரு முறை கெட்ட எண் வந்தால் யாருக்காகவும் அதை மறைப்பதில்லை என்று. இந்த வைராக்கியம்தான் இந்த வருஷம் என் கண்ணை மறைத்தது.

உன் யூனிட் ஆரம்பித்தது ஆவணியில். சென்னை வேலையை விட்டுவிட்டு நீ வந்தபோது உன் அம்மா ஒரு வாரம் பேசவில்லை. நான் எப்போதும்போலப் பேசவில்லை. அதை எதிர்ப்பு என்று நீ எடுத்துக்கொண்டாயோ என்னவோ. அது எதிர்ப்பு இல்லை, பயம். கேழ்வரகு, கம்பு, பச்சைப்பயறு, கொள்ளு, காராமணி என்று பன்னிரண்டு வகைத் தானியமும் பயறும் வறுத்து அரைத்துச் சத்துமாவு செய்து, மாவட்டத்தின் குழந்தைகள் மையங்களுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னாய். அந்தப் பட்டியலில் பேர் வர வேண்டுமானால் ஒவ்வொரு பொருளுக்கும் சோதனை அறிக்கை வேண்டும். மாவட்டத்தில் அதைச் செய்யக்கூடியது நான் வேலை செய்த ஆய்வகம்தான். நீ ஆய்வகப் பொறுப்பாளர் சுமதி மேடத்திடம் போய், “எங்க அப்பாவுக்கு இது எங்களுதுன்னு தெரியக் கூடாது மேடம். அப்பா பாஸ் பண்ணி விட்டார்னு யாரும் சொல்லிடக் கூடாது” என்று கேட்டுக்கொண்டதை அவர் பிறகு சொன்னார். என் மேஜைக்கு வந்தவை எண் மட்டும் ஒட்டிய பன்னிரண்டு பொட்டலங்கள். இப்படிப் பல இடங்களிலிருந்தும் வரும் என்பதால் உன்னுடையவை என்று எனக்குத் தோன்றவில்லை.

எப்படி அளக்கிறோம் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு அங்கேதான் இருக்கிறது. தானியத்தைக் கழுவி உலர்த்தி, ஆய்வகத்தின் சிறிய அரவை மிஷினில் மாவாக்குவோம். மாவில் ஒரு சிட்டிகையை எடை போட்டு அமிலத்தில் கரைப்போம். அந்தக் கரைசலைக் கருவி படித்து எண் சொல்லும். அந்த எண் தானியத்திலிருந்துதான் வந்தது, எங்கள் அமிலத்திலிருந்தோ பாத்திரத்திலிருந்தோ வரவில்லை என்று எப்படித் தெரியும்? அதற்காகத் தானியமே போடாமல், வெறும் அமிலத்தை மட்டும் அதே பாத்திரத்தில் அதே மாதிரிக் காய்ச்சி அளப்போம். அதற்குப் பிளாங்க் என்று பேர். அதோடு, விடை முன்பே தெரிந்த ஒரு மாவும் வெளியிலிருந்து வாங்கி வைத்திருப்போம், அதையும் கூடவே அளப்போம், அதுதான் கன்ட்ரோல். விடை ஒத்து வந்தால் எல்லாம் சரி. அன்று பிளாங்க் சுத்தமாக இருந்தது. விடை தெரிந்த மாவும் ஒத்து வந்தது. ஆனால் உன் கேழ்வரகில் ஈயம், அனுமதித்த அளவுக்கு மேல். கம்பும் பச்சைப்பயறும் எல்லையை ஒட்டி நின்றன. கேழ்வரகை மட்டும் திரும்பக் கரைத்து அளந்தேன். அதே எண்.

எதையும் நாலு தடவை சந்தேகப்படுகிற நான், அன்று சந்தேகப்படவில்லை. துவரம்பருப்பு நினைவுக்கு வந்தது. இந்த முறை மறைக்க மாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அது மட்டுமா, ஒரு காரணமும் கண்டுபிடித்தேன். எந்த ஊர்த் தானியம் என்றுகூடத் தெரியாமல், கிரிவலப் பாதை ஓரத்து நிலமாக இருக்கலாம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி இத்தனை பஸ் வருகிறது, மண்ணில் புழுதி படிந்திருக்கலாம் என்று குறிப்பில் எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

நான்கு நாள் கழித்து அந்தத் தாளை என் முன்னால் வைத்தது நீ. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “இது உங்க நம்பராப்பா?” என்று கேட்டாய். அப்போதுதான் எனக்குத் தெரியும். கையில் சோற்றோடு, “ஆமாம்மா” என்றேன். “நெஜமா தப்பா இருக்க சான்ஸே இல்லையா?” என்றாய். பிளாங்க் சுத்தம், கன்ட்ரோல் சரி, ரெண்டு தடவை பார்த்தேன் என்று அதிகாரியிடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தேன். நீ தலையாட்டிவிட்டுப் போனாய். பட்டியலிலிருந்து உன் யூனிட் பேரை நிறுத்தி வைத்தார்கள். ஆறு மூட்டைக் கேழ்வரகைத் திருப்பி அனுப்பினாய். எட்டுப் பெண்களில் மூன்று பேர் வேறு வேலை பார்க்கலாமா என்று கேட்டார்கள் என்று உன் அம்மா சொன்னாள். போளூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் போன் செய்து, “பொண்ணு யூனிட்டுல ஏதோ பிரச்சனையாமே” என்று நாசூக்காகக் கேட்டார்கள். நீ என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பிறகு கன்னியம்மாள் வந்தார். உனக்குக் கேழ்வரகு விற்றவர், அடி அண்ணாமலையில் ஒன்றரைக் காணி வைத்திருப்பவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நீ வீட்டில் இல்லை. வாசலில் நின்றுகொண்டே கேட்டார்.

“சார், கேவுருல ஈயம் கீதுன்னு எழுதினது நீங்கதானே?”

“ஆமாம்மா. உள்ள வந்து உட்காருங்க.”

“உக்கார வரல சார். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். உங்க பொண்ணு ஆறு மூட்டை திருப்பி அனுப்பிச்சிட்டாங்க, அது போவட்டும். எங்க ஊட்ல மீதி கீது. என் பேரனுங்க ரெண்டு பேரும் காலையில அந்தக் கூழதான் குடிக்கறானுங்க. நான் அத ஊத்தறதா, கீழ கொட்டறதா? அத மட்டும் சொல்லுங்க.”

உன் அம்மா மோர் கொண்டுவந்தாள். “மோர் அப்பால ஆவட்டும்மா, சார் சொல்லட்டும்” என்றவர் சொம்பைக்கூடப் பார்க்கவில்லை.  தாளில் எழுதும்போது ‘மாதிரி’ என்று எழுதியது இப்போது இரண்டு பையன்களின் கூழாக வந்து நின்றது. ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். “ஒரு வாரம் புள்ளைங்க இன்னா துன்னும்?” என்றார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டு கை கேழ்வரகைக் காட்டி, “இந்தாங்க, இன்னொரு தபா பாருங்க” என்றார். உன் அம்மா பேப்பரை விரிக்கப் போனாள். அச்சு மை படும் என்று நான் ஓடிப்போய்ப் புதுப் பிளாஸ்டிக் உறை எடுத்துவந்து நீட்டினேன். கன்னியம்மாள் அதில் கொட்டிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். “இப்ப இவ்ளோ ஜாக்கிரதையா வாங்கறீங்களே. அப்பவும் இப்பிடித்தான் வாங்கினீங்களா?”

அவர் குத்தலாகத்தான் கேட்டார். ஆனால் ஆய்வகம் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. இரண்டு கை தானியத்துக்கு மிஷின் எதற்கு என்று, அகேட் கல்லில் செய்த சின்ன உரலில் கையாலேயே அரைத்தேன். தோள் விட்டுப்போகும் வரை அரைத்தேன். கரைத்தேன், அளந்தேன். ஈயம் இல்லை. திரும்ப அளந்தேன். இல்லை. முந்தானையில் வந்த தானியத்தில் ஈயம் இல்லை, ஆய்வகத்தில் முறைப்படி அரைத்த அதே தானியத்தில் இருக்கிறது. நோட்டை எடுத்தேன். எதையும் வரிசைப்படி எழுதிவைக்கிற என் பழக்கத்தை நீயும் அம்மாவும் கேலி செய்வீர்களே, அன்று அதுதான் என்னைக் காப்பாற்றியது. எந்தப் பொட்டலத்தை எத்தனையாவதாக அரைத்தேன் என்று நோட்டில் இருந்தது. அறிக்கையில் எண்கள் பொட்டல வரிசையில் இருந்தன. அவற்றை எடுத்து அரைத்த வரிசையில் திருப்பி எழுதினேன். முதலில் அரைத்தது கேழ்வரகு, அதில்தான் ஈயம் ஜாஸ்தி. அடுத்து கம்பு, அதைவிடக் கம்மி. அடுத்து பச்சைப்பயறு, இன்னும் கம்மி. பன்னிரண்டாவதாக அரைத்த கொள்ளில் ஒன்றுமே இல்லை. படிக்கட்டில் இறங்குவதுபோல எண்கள் இறங்கின. எந்த நிலமும், எந்தப் பௌர்ணமிப் பஸ்ஸும் என் அரவை வரிசையைப் பார்த்து ஈயத்தைக் கொட்டாது.

மிஷினின் மூடியைக் கழற்றினேன். தானியம் போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதை நெம்பி எடுத்தேன். அடியில் சிவப்பாக ஒரு தூள், காய்ந்த சந்தனப் பொருக்கோடு. பஞ்சில் ஒற்றி அளந்தேன். ஈய எண் கருவியின் அளவுகோலைத் தாண்டிப் போயிற்று. குங்குமம். பளிச்சென்று சிவப்பதற்காக ஈயச் செந்தூரம் கலந்த குங்குமம். என் பிளாங்க் அமிலத்திலிருந்து தொடங்கியது, மிஷினிலிருந்து அல்ல. விடை தெரிந்த மாவு மாவாகவே வந்தது, அது அந்த மிஷினுக்குள் போகவே இல்லை. இரண்டு காவலாளிகளை நிறுத்தியிருந்தேன், இரண்டு பேரையும் திருடன் நுழைந்த கதவைத் தாண்டி உள்ளே நிறுத்தியிருந்தேன்.

அப்போது சுமதி மேடம் வந்தார். பஞ்சைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. “ஆயுத பூஜைக்கு ஏழுமலை வெச்சதா இருக்கும் சார். மிஷின்ல வெக்காதன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்” என்றார். கண்ணு, இதோ அந்த இடம். பொட்டு வைத்தது நான். ஆயுத பூஜை அன்று ஏழுமலை லீவு, சாவி என்னிடம் இருந்தது. நான்தான் சந்தனம் குழைத்து, கோயில் தெருவில் வாங்கிய குங்குமத்தை ஒவ்வொரு கருவிக்கும் வைத்தேன். அரவை மிஷினுக்கு வந்தபோது உன் யூனிட் நினைவுக்கு வந்தது. அரவைதானே உன் பிழைப்பும். உன்னிடம் வாய் திறந்து நன்றாக இரு என்று சொல்லாதவன், அந்த மிஷின் மூடியில் நடுவாகப் பெரிய பொட்டாக, தாராளமாக வைத்தேன். மறுவாரம் துடைத்தேன், நன்றாகத்தான் துடைத்தேன். காய்ந்து உதிர்ந்தது ஏற்கெனவே துவாரத்துக்குள் போயிருந்தது. இதையெல்லாம் சுமதி மேடத்திடம் அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். “இருக்கலாம் மேடம்” என்றேன். இருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை ஏழுமலை என் மேஜைக்கு வந்தார். மேடம் திட்டியிருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. “சார், இருபத்தாறு வருஷமா பூஜை போடறேன். மிஷினுக்குக் காலுல வெப்பேன். வாயில வெப்பனா?” என்றார். நான் குனிந்துகொண்டு பென்சில் சீவினேன். அவர் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தி, “நான் லீவுன்னு ரெஜிஸ்டர்ல கீது. மேடம் அதப் பாக்கல. பரவால்ல சார், நான் வெச்சதாவே இருக்கட்டும். எனக்கு ரெண்டு வருஷம்தான் சர்வீஸ், இன்னா பண்ணிடுவாங்க? உங்க பேரு கெட வேணாம்” என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. பென்சில் சீவிக்கொண்டே இருந்தேன், கண்ணு. பென்சில் விரல் நீளத்துக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நீ கூடத்தில் உட்கார்ந்து, விற்காத பாக்கெட்டுகளிலிருந்து லேபிளைக் கிழியாமல் உரித்துக்கொண்டிருந்தாய். நான் செருப்பைக் கழற்றுவது உனக்குத் தெரியவில்லை. உன் அம்மா, “உங்க அப்பா நம்பர்ல தப்பு இருக்கக் கூடாதா, அவரு இன்னா சாமியா?” என்றாள். நீ தலை நிமிராமல் சொன்னாய், “அப்பா நம்பர் தப்பா இருக்காதும்மா. எங்கயோ என் பக்கம்தான் விட்டிருக்கேன்.” நான் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். வேங்கிக்கால் ஏரிக்கரை வரை நடந்தேன். என் எண்ணை நம்பி என் மகள் தன்னைச் சந்தேகப்படுகிறாள், என் பெயரைக் காப்பாற்ற ஒருவர் தன் பெயரைக் கொடுக்கிறார், நான் இரண்டையும் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். துவரம்பருப்பு நாளில் எனக்கு இருபத்தெட்டு வயது, பயப்பட வயது இருந்தது. இப்போது எதற்கு?

அடுத்த நாள் சுமதி மேடத்திடம் பொட்டு வைத்தது நான்தான் என்று சொன்னேன். அவர் நல்லவர். ஏழுமலையைக் கூப்பிட்டு என் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டார். பிறகு எனக்கு ஒரு வழி காட்டினார். “மறுசோதனைன்னு ஒரு லெட்டர் போட்டுடலாம் சார். காரணம் எழுத வேணாம். யாரும் கேக்க மாட்டாங்க.” எனக்கு அது எவ்வளவு இனித்தது தெரியுமா? ஆனால் நான் எழுதிய காரணம் அந்தக் கோப்பில் இருக்கிறதே, பஸ், புழுதி, பாதையோரத்து நிலம். அது இருக்கும் வரை அந்தப் பக்கம் விளைவதையெல்லாம் யாராவது சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அதை எடுக்க வேண்டுமானால் உண்மைக் காரணத்தைத்தான் அந்த இடத்தில் வைக்க வேண்டும். “கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துல நானே சொல்றேன் மேடம்” என்றேன். சொன்னது யார் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது எனக்கு.

கூட்டத்தில் நடந்தது நீ பார்த்ததுதான். நீ பார்க்காதது, என் சட்டைப்பையில் ஒரே பேச்சின் இரண்டு பிரதிகள் இருந்தன, ஒன்று கைதவறினால் இன்னொன்று.  தண்ணீர் குடித்துவிட்டுத் தாளைப் பிரித்தேன். ‘கேழ்வரகில் ஈயம் இல்லை. ஈயம் என் பொட்டில் இருந்தது. பொட்டு வைத்தது நான்’ என்று முதல் மூன்று வாக்கியங்களைப் படித்துவிட்டேன். அதன் பிறகு, உனக்கே தெரியும், என் குரல் இறங்கவில்லை. பின்வரிசை வரை கேட்டது என்று நீதான் சொன்னாய். யாரோ ஒருவர், “பொட்டு வெச்சீங்க சரி சார், மிஷினுக்கு எலுமிச்சம்பழம் நசுக்கலையா?” என்று கேட்க, அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்க, நானும் சேர்ந்து சிரித்து, உயிரோடு இருப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. ஒரு அதிகாரி அம்மா மட்டும் சிரிக்காமல், “அப்ப நாங்க நெத்தியில வெச்சுக்கறது?” என்றார். “எல்லாக் குங்குமமும் அப்படி இல்லை மேடம். நான் வெச்சதுல இருந்தது. மத்ததை அளந்துதான் சொல்லணும்” என்றேன்.

மாதிரிகளைப் பிரித்து ஒரு பாதியை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மறுபாதியை நான் அரைத்தேன், ஏழுமலை பக்கத்தில் நின்று ஒவ்வொரு தானியத்துக்கும் முன்னால் மிஷினைக் கழற்றிக் கழுவினார். இரண்டு இடத்து எண்களும் ஒன்றாக வந்தன. பன்னிரண்டு பொருளிலும் ஈயம் இல்லை. அதைவிட, உன் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் நான் இத்தனை வருஷம் பார்த்த நல்ல கேழ்வரகுகளின் வரிசையில் வைக்கக்கூடிய அளவுக்கு இருந்தது. வறுத்து எடுத்த பயறுகளில் துத்தநாகம் நன்றாக இருந்தது. நல்ல எண்ணை எழுதுவதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. ஆயுத பூஜைக்குப் பிறகு அந்த மிஷினில் அரைத்த மற்ற எல்லா மாதிரிகளையும் திரும்ப அளந்து, ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்து சொன்னேன். ஒரு வேர்க்கடலைக்காரர், “தப்பு நம்முதுன்னு போன் பண்ணிச் சொல்ற ஆளு இன்னும் கீறாரா” என்று பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது.

உன் யூனிட் பட்டியலில் ஏறிய அன்று கன்னியம்மாள் வந்தார். இந்த முறை நேராக உள்ளே வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். “அந்த மோரு இன்னும் கீதாம்மா?” என்று உன் அம்மாவைக் கேட்டார். இரண்டு டம்ளர் குடித்தார். என்னிடம், “சார், என் கேவுரு தப்பிச்சிடுச்சு. நீங்க தப்பிச்சீங்களா?” என்றார். யோசித்துப் பார்த்தேன். தப்பித்துவிட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

கல்யாணப் பெண்ணுக்குப் புத்தி சொல்லாமல் ஒரு அப்பா கடிதம் முடிக்கக் கூடாதாம், உன் அம்மா கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போகிறாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒருவரிடம் குறை தெரிந்தால், அந்தக் குறை உன் கை வழியாக வந்ததா என்று முதலில் பார். பிளாங்க்கை உன் கையிலிருந்து தொடங்கு. ஆனால் என் மகள் நீ, உனக்கு அடுத்த பாதியையும் சொல்ல வேண்டும். அடுத்தவரின் எண்ணை நம்பி உன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளாதே. அது அப்பாவின் எண்ணாக இருந்தாலும் சரி, மாப்பிள்ளையின் எண்ணாக இருந்தாலும் சரி. எப்படி அரைத்தீர்கள் என்று கேள். கன்னியம்மாள் கேட்டதுபோல வாசலில் நின்று கேள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சிமிழ் வைத்திருக்கிறேன். விரலி மஞ்சளை எலுமிச்சைச் சாற்றிலும் வெங்காரத்திலும் ஊறவைத்து, மாடியில் நிழலில் உலர்த்தி, கல் உரலில் நானே இடித்த குங்குமம். பதினைந்து நாளாக மாடியில் என்ன செய்கிறேன் என்று கேட்டாயே, இதுதான். “சீர் வரிசையில ரிப்போர்ட் வெக்கற மனுஷன் ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்” என்கிறாள் உன் அம்மா. சிமிழுக்கு அடியில் ரிப்போர்ட்டும் இருக்கிறது. மஞ்சளை அளந்தேன், வெங்காரத்தை அளந்தேன், உரலைக் கழுவிய தண்ணீரை அளந்தேன், என் கையைக் கழுவிய தண்ணீரையும் அளந்தேன். கடைக் குங்குமம்போல அவ்வளவு பளிச்சென்று சிவப்பாக இருக்காது, கொஞ்சம் மங்கல்தான். தாலி கட்டியதும் உன் நெற்றியில் வைக்க இதைத்தான் எடுக்க வேண்டும் என்று மாப்பிள்ளைக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். நானே, குரல் இறங்காமல், பொட்டு வைத்த கதையைச் சொன்னேன்.

மூன்று முறை அளந்தேன், கண்ணு. மூன்று முறையும் ஈயம் இல்லை. நான்காவது முறை அளக்கவில்லை.

உன் அப்பா